ஓவன் சாவி

மைக்ரோவேவ் ஓவனுக்குச் சாவி கிடையாது. கருவிகளைப் பழுது பார்க்கும் படிப்பைப் படித்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதே வேலையைப் பார்க்கிறவள் நான். ஆகவே இதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் பாபநாசத்துக்குப் பக்கத்தில் என் பெரியப்பா வீட்டு ஓவனுக்கு ஒரு சாவி இருந்தது. அது அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

பெரியம்மா போன் செய்த அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும்.

"பாப்பா, ஓவன்ல தட்டு சுத்தலம்மா. உர்ருங்குது, அப்படியே நிக்கிது."

இந்த மாதிரி நேரங்களில் நான் பதற்றப்படுவதில்லை. வரிசையாகப் போவேன். தட்டு நடுவில் பொருந்தி உட்கார்ந்திருக்கிறதா, அடியிலுள்ள சக்கர வளையத்தில் ஏதாவது சிந்தி ஒட்டியிருக்கிறதா, தட்டைச் சுழற்றும் மூன்று காது பிளாஸ்டிக் துண்டு தேய்ந்துவிட்டதா, கடைசியாக மோட்டார். இதில் முதல் இரண்டும் வீட்டிலேயே பார்த்துவிடக் கூடியவை.

"கதவைத் திறந்து தட்டை வெளியே எடுங்க பெரியம்மா."

"எங்கேர்ந்து திறக்கிறது? சாவி அவருகிட்டல்ல இருக்கு."

"என்ன சாவி?"

"ஓவன் சாவி."

"ஓவனுக்கு ஏது பெரியம்மா சாவி?"

"அதை நீ அவருகிட்ட கேளு. டீக்கடைக்குப் போயிருக்காரு. அவரு வந்து திறந்தாத்தான் எனக்குச் சோறு."

பெரியப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில், மதகின் மேலே நின்று, கைப்பிடியைத் திருகி ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை. எத்தனை சுற்று ஏற்றவேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வரும். அத்தனை சுற்றுத்தான். பிறகு சங்கிலி போட்டுப் பூட்டி, நோட்டில் எழுதி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்வார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது. பூட்டி வைக்கும்படி எவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஒரு சாவியை வைத்திருந்தவர் பெரியப்பாதான். அதுவும் ஆற்றின் சாவி.

அதனால் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே ஒழிய, சாவியிலிருந்து பெறவில்லை. கொல்லைக் குழாய்க்குப் பூட்டு. மோட்டார் சுவிட்சுக்கு ஒரு மரப்பெட்டி, அதற்குப் பூட்டு. குளியலறைக் குழாயை "ரெண்டே கால் சுத்து" என்பார். மூன்று சுற்றுத் திறந்தவர் யாரென்று வாளியில் தண்ணீர் விழும் சத்தத்திலிருந்தே திண்ணமாகக் கண்டுபிடித்துவிடுவார். நான் ஒருமுறை தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே குரல் கேட்டது: "பாப்பா, அரைச் சுத்து கூடப் போயிருச்சு." ஷாம்பு கண்ணில் இறங்க, அரைச் சுற்றுக் குறைத்தேன்.

"தூங்கும்போதும் வலது கை மூடித்தான் இருக்கும். பிரிச்சுப் பாத்தா ஒண்ணும் இருக்காது" என்பார் பெரியம்மா.

என் அக்காவின் நிச்சயதார்த்தத்தில் நடந்ததை இங்கே சொல்லவேண்டும். பந்தியில் முதல் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார், கடைசி வரிசையில் அவர்களை ஏற்றிவந்த வேன்களின் டிரைவர்கள். சாம்பார் வாளியோடு வந்தவரைப் பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க போற? கடைசியிலேர்ந்து வா."

"அய்யா, மாப்பிள்ள வீட்டுக்காரங்க இங்க உக்காந்திருக்காங்க."

"உக்காரட்டும். தலைமடைக்கு எப்பவும் கிடைச்சிரும். கடைமடைக்குப் போய்ச் சேந்துச்சான்னு பாத்துட்டு அப்புறம் இங்க வா."

வாய்க்காலின் வால் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகே தலைப்பில் இருக்கிறவர்கள் மடையைத் திறக்கலாம் என்பது அவருடைய வேலையில் சட்டம். சாம்பாருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. டிரைவர்கள் இரண்டு தரம் வாங்கினார்கள். வாளி முதல் வரிசைக்கு வந்தபோது அதில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு மட்டும் இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சோற்றுக்கு நடுவில் பள்ளம் பறித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார். பிறகு ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். கல்யாணம் நடந்தது. ஆனால் அவர் இன்றைக்கும் எங்களை "ரசத்து வீட்டுக்காரங்க" என்றுதான் சொல்கிறார்.

இப்படிப்பட்ட மனிதர் இருக்கும் வீட்டுக்கு ஓவனை வாங்கிக்கொண்டு போனவள் நான்தான். பெரியம்மா கொல்லையில் பாசி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் பிடிமானம் வரவில்லை. கேஸ் லைட்டரை அமுக்க முடியாது, குழம்புச் சட்டியைத் தூக்க முடியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். பெரியப்பா காலை ஆறு மணிக்கெல்லாம் சோற்றை வடித்து, ஒரு குழம்பும் வைத்துவிடுவார். அது பதினொரு மணிக்கு ஆறிப்போயிருக்கும். பெரியம்மாவுக்குப் பசிப்பது பதினொரு மணிக்கு.

ஆறின சோறு என்றால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும். அதற்குக் காரணம் உண்டு. பெரியப்பா வேலையிலிருந்த காலத்தில் மதகுக்குச் சாப்பாடு கொண்டுபோவது பெரியம்மாதான். தூக்குவாளியோடு போய் நின்றால், "அளவு நிக்கட்டும், இரு" என்பாராம் பெரியப்பா. தண்ணீர் அளவு சொன்ன கோட்டில் நிற்க ஒரு மணி நேரமும் ஆகும், இரண்டு மணி நேரமும் ஆகும். ஒருநாள் ஒரு மிராசுதார் மோட்டார் சைக்கிளில் வந்து, இன்னும் இரண்டே சுற்று ஏற்றச் சொல்லி, முதலில் அதட்டிப் பிறகு கெஞ்சிப் பார்த்தாராம். "உத்தரவு கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா கைப்பிடியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். மிராசுதார் போகும்வரை இறங்கவில்லை. ஊரெல்லாம் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லும். பெரியம்மா சொல்லும்போது மட்டும் கதை வேறு மாதிரி முடியும்: "அன்னைக்கும் சோறு ஆறிப்போச்சு. அவரு தின்ன மிச்சத்தைத்தான் நான் தின்னேன்."

ஓவன் வந்த பிறகு பெரியம்மா இடது கையாலேயே கதவைத் திறப்பார், தட்டை வைப்பார், பொத்தானை அமுக்குவார். யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஆவி பறக்கும் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு முதல் நாள் என்னைப் போனில் கூப்பிட்டு, "பாப்பா, நாக்கைச் சுட்டுக்கிட்டேன்டி" என்றார், ஏதோ பரிசு வாங்கின மாதிரி.

தட்டு சுற்றவில்லை என்று போன் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஓவனைப் பார்த்தேன். சைக்கிள் சங்கிலி ஒன்று கதவின் கைப்பிடிக்குள் நுழைந்து, முதுகுப் பக்கம் சுற்றிவந்து, முன்னால் ஒரு பித்தளைப் பூட்டில் முடிந்திருந்தது.

"ஏன் பெரியப்பா பூட்டுனீங்க?"

"அதை நம்ப முடியல பாப்பா. ஒரு தடவை வலப்பக்கம் சுத்துது. ஒரு தடவை இடப்பக்கம் சுத்துது."

"சுத்தட்டுமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், என் படிப்புக்கு ஆன காலமெல்லாம் வீண் என்று தெரிந்தது.

"வலப்பக்கம் திருகுனா ஷட்டர் ஏறும். இடப்பக்கம் திருகுனா இறங்கும். முப்பது வருஷம் திருகியிருக்கேன், எனக்குத் தெரியாதா? இது வலப்பக்கம் சுத்துறப்ப சூடு பாயுது. இடப்பக்கம் சுத்துறப்ப அடைபடுது. உன் பெரியம்மா அதைப் பாக்காம எடுத்துத் தின்னுடுறா. அரை வேக்காடு வயித்துக்கு ஆகுமா?"

"அது வெந்த சோறுதான். சுட வெக்கத்தானே வெக்கிறேன்!" என்று உள்ளேயிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்.

"நான் முன்னால நின்னு பாப்பேன். இடப்பக்கம் போனா நிறுத்திட்டு மறுபடி போடுவேன். வலப்பக்கம் வர்ற வரைக்கும். நான் இல்லாதப்ப யாரு பாக்குறது? அதான் பூட்டு."

பூட்டைத் திறக்கச் சொன்னேன். கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் வைத்து ஓடவிட்டேன். உர் என்றது, தட்டு நகரவில்லை. கோப்பையை எடுத்து, தட்டை எடுத்து, சக்கர வளையத்தை எடுத்தேன். வளையத்தின் ஒரு சக்கரத்துக்கு அடியில், இரண்டு அங்குலத்துக்கு நறுக்கிய விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்று சிக்கியிருந்தது. முனை பிளேடால் ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவப்பட்டிருந்தது. கவனமான வேலை.

"இது என்ன பெரியப்பா?"

"தடை" என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "ஷட்டர் தானா இறங்காம இருக்க ஒரு கட்டை வெப்போம். அது மாதிரி. இடப்பக்கம் போச்சுன்னா குச்சியில இடிச்சிட்டு வலப்பக்கம் திரும்பிரும். ரெண்டு நாள் என்னா அழகா வேலை செஞ்சுச்சு தெரியுமா?"

அது உண்மையாகவே வேலை செய்திருக்கும். அந்தச் சின்ன மோட்டார் எதிலாவது இடித்தால் மறுபக்கம் திரும்பிச் சுற்றக்கூடியது. அதைப் படிப்பில்லாமல் கண்டுபிடித்திருந்தார். மூன்றாம் நாள் குச்சி நழுவிச் சக்கரத்துக்கு அடியில் சிக்கிக்கொள்ள, தட்டு எந்தப் பக்கமும் நகரவில்லை. சுற்றாத தட்டில் சூடு ஓரிடத்தில் மட்டும் விழும். "ஒரு இட்லி வாயைச் சுடுது, பக்கத்து இட்லி ஃப்ரிட்ஜ்லேர்ந்து வந்த மாதிரி இருக்கு" என்றார் பெரியம்மா.

"நான் சொல்லல?" என்றார் பெரியப்பா. "தலைமடையில பாயுது. கடைமடைக்குப் போகல."

குச்சியை எடுத்தேன், வளையத்தைத் துடைத்தேன், தட்டை வைத்தேன். சுற்றியது. பழுது அத்தோடு முடிந்தது. ஆனால் அது இடப்பக்கம் சுற்றியது. பெரியப்பா கை நீட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

நான் பொறுமையாக விளக்கினேன். இந்த மோட்டாருக்கு இன்ன பக்கம் என்று கிடையாது. பொத்தானை அமுக்கும் அந்த நொடியில் கரண்ட் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்து இப்படியோ அப்படியோ கிளம்பும். தட்டு சூடு கொடுப்பதில்லை. சோற்றைச் சுற்றிக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. எந்தப் பக்கம் சுற்றினாலும் சூடு ஒன்றுதான். பையில் கொண்டுவந்திருந்த வெப்பமானியை எடுத்து, இரண்டு கோப்பைத் தண்ணீரை வலது ஒன்று, இடது ஒன்று என்று சூடு பண்ணி, அளந்தும் காட்டினேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

அவர் இரண்டிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "இடது கம்மி."

"கருவி காட்டுதே பெரியப்பா!"

"அது உன் ஆஸ்பத்திரிக் கருவி. உன் பக்கம்தான் பேசும்." பிறகு, நான் சொன்னதில் அவரை உறுத்தியது எதுவோ அதைக் கேட்டார். "எந்தப் பக்கம்னு யாரு உத்தரவு போடுறா?"

"யாரும் இல்ல."

"உத்தரவு இல்லாம ஒரு சாமான் சுத்துமா?"

"ஏன் சுத்தாது?" பெரியம்மா வாசற்படிக்கு வந்துவிட்டார். "இத்தனை வருஷமா இந்த வீட்ல நான் சுத்தலையா? எந்த ஆபீசர் எனக்கு உத்தரவு போட்டாரு?"

பெரியம்மா இடது கையால் சங்கிலியைத் தூக்கி ஓவன் மேல் போட்டார். "பாப்பா, நீ கேட்டுக்க. சாவியை என்கிட்ட குடுக்கச் சொல்லு. இல்ல, இதை நீயே பஸ்ல ஏத்திக்கிட்டுப் போயிடு. ஆறினதைத் தின்னுட்டுப் போறேன். பூட்டி வெச்ச சோத்தைத் தின்ன மாட்டேன்."

சங்கிலி ஓவன் மேலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. பெரியப்பா அரைஞாணைத் தடவிக்கொண்டே நின்றார். மதகுச் சாவி அதில் தொங்கிய காலத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கேட்டு வந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து யாரும் கேட்டதில்லை.

கடைசியில் அவர் ஒரு நிபந்தனை சொன்னார். ஒரு மாதம் ஓவனை அவரே இயக்கி, நோட்டில் பதிவு செய்வார். அதற்குப் பிறகு ஒரு முடிவு. அந்த ஒரு மாதமும் பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்று பெரியம்மா பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார். டீக்கடை போயிற்று. இருவரும் ஒப்புக்கொண்டார்கள். குச்சி வைக்கக்கூடாது என்ற மூன்றாவது நிபந்தனை என்னுடையது.

நோட்டுக்குக் கட்டம் போட்டவர் அவரே. தேதி, நேரம், பொருள், சுற்று, குறிப்பு, கையொப்பம். ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்ப்பேன். பட்டியல் போடுவது எனக்கும் பிடித்த வேலை என்பதால் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

"காலை 7.10. இட்லி நான்கு. வலது. திருப்தி."

"பகல் 11.00. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. இடது. சுமார்."

"பகல் 11.05. மேற்படி சோறு. வலது. திருப்தி. ஆனால் சாப்பிடுபவர் கோபமாக உள்ளார்."

"மாலை 4.30. மின்தடை. சுற்று இல்லை."

"பகல் 11.00. மீன் குழம்பு. இடது. வெடித்தது. துடைக்கப்பட்டது."

மாதம் முடிந்த ஞாயிறு, வலது எத்தனை, இடது எத்தனை என்று எண்ணச் சொன்னார். நான் படித்துக்கொண்டே வர, அவர் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் கோடு போட்டார். கிட்டத்தட்ட சமமாக வந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நாணயத்தைச் சுண்டினால் எப்படியோ அப்படித்தான். அவர் மட்டும் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"முறை வெக்கிதுடி" என்றார்.

தண்ணீர் குறைவான வருடங்களில் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. இந்த ஆற்றுக்குச் சில நாள், அடுத்த ஆற்றுக்குச் சில நாள் என்று மாற்றி மாற்றி விடுவார்கள். அதுதான் முறை.

"வலப்பக்கத்துக்கு ஒரு முறை, இடப்பக்கத்துக்கு ஒரு முறை. ரெண்டு பக்கமும் பாயணும்ல? இதைப் பண்ணுன ஆளு விவரமானவன்தான். நீ ஏன் இதை மொதல்லயே சொல்லல?"

நான் சொன்னது இது இல்லை. தப்பு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். முறை என்றால் வரிசை. இதில் வரிசையே கிடையாது. ஆனால் அவர் அரைஞாணை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

சாவியைச் சும்மா கொடுக்கவில்லை. நோட்டின் புதிய பக்கத்தில் பொறுப்பு ஒப்படைப்பு என்று தலைப்பிட்டு, ஓவன் ஒன்று, கண்ணாடித் தட்டு ஒன்று, சக்கர வளையம் ஒன்று, பூட்டு ஒன்று, சாவி ஒன்று என்று எழுதி, ஒப்படைத்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெற்றுக்கொண்டவர் இடத்தில் பெரியம்மா பிடிமானம் இல்லாத வலது கையாலேயே போட்டார். இடது கையால் போடச் சொன்னதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. சாட்சி நான்.

சாவியை வாங்கித் தாலிக்கொடியில் கோத்துக்கொண்ட பெரியம்மா, முதல் வேலையாக ஓவனைப் பூட்டினார்.

"ஏன் பூட்டுற?" என்றார் பெரியப்பா.

"சார்ஜ் என்கிட்ட இருக்குல்ல?"

மாலையில் பெரியப்பா காபியை ஆறவிட்டுவிட்டார். கோப்பையோடு ஓவன் முன்னால் வந்து நின்றார். பெரியம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் திறந்து விடேன்."

"உங்க முறை இன்னும் வரல. அளவு நிக்கட்டும், இருங்க."

அவர் இருந்தார். கோப்பையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மடையடியில் நிற்கும் ஆள் மாதிரி. கறிவேப்பிலை முழுவதையும் உருவி முடித்த பிறகுதான் பெரியம்மா எழுந்தார்.

பெரியப்பா இறந்து இப்போது இரண்டு சாகுபடி முடிந்துவிட்டது. சங்கிலியை ஆட்டுப்பட்டிக் கதவுக்குப் போட்டாயிற்று. ஓவன் பூட்டில்லாமல் இருக்கிறது. தட்டு இரண்டு பக்கமும் சுற்றுகிறது. சாவி மட்டும் இன்னும் பெரியம்மாவின் கழுத்தில் இருக்கிறது, ஏன் என்று நான் கேட்கவில்லை. இடப்பக்கம் சுற்றினால் சூடு குறைவு என்று பெரியப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

போன மாதம் அந்த நோட்டைப் புரட்டினேன். பொறுப்பு ஒப்படைத்த அன்றைக்கே, அதற்கு அடுத்த வரியில், பெரியம்மாவின் கோணல் எழுத்தில் ஒரு பதிவு இருக்கிறது.

"மாலை 5.40. காபி, அவருக்கு. இடது."

குறிப்பு என்ற கட்டத்தைப் பெரியம்மா நிரப்பாமல் விட்டிருந்தார். அதில் பெரியப்பாவின் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்லும், கையெழுத்தும்.

"திருப்தி."